பபூன் சிரிக்க வைத்தால் ஓட்டு மாறுமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பங்குனித் திருவிழாவுக்காகக் கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கும் சொந்தக் கிராமத்துக்கு வந்திருக்கிறார். இரவு வள்ளி திருமணம் நாடகம். நாடகத்தின் கோமாளியான பபூன் மேடையேறி, ஒரு கட்சி விடாமல் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் சிரித்த ஆட்களெல்லாம் அவரவர் கட்சிக் கரை வேட்டியோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "காமெடியால் யாருடைய அரசியல் கருத்தாவது மாறுகிறதா, இல்லை எல்லாம் பொழுதுபோக்குத்தானா? மாறாது என்றால் மீம் போடுவதற்கு என்றே கட்சிகள் ஏன் ஆள் வைத்திருக்கின்றன?" என்று கேட்கிறார்.

ஒரு ஜோக்கைக் கேட்டு யாரும் ஓட்டை மாற்றிப் போடுவதில்லை. ஆனால் எதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும், எதற்குக் கோபப்பட்டால் ஊர் நம்மை அசடு என்று நினைக்கும் என்று நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதே, நகைச்சுவை கைவைப்பது அந்தக் கணக்கில். கட்சிகள் செலவு செய்வதும் அதற்குத்தான். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பட்டிமன்றம் பேசியவன், இரண்டு முறை விழாக் கமிட்டியிலும் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பபூனிடமிருந்தே தொடங்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்போம். கதை எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அன்றைய ஊர் நிலவரத்தை உள்ளே நுழைப்பது பபூனின் பொறுப்பு. வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, தண்ணீர் வருகிறதா, பஸ் நிற்கிறதா, தலைவர் யார், அவருக்கு யாரோடு ஆகாது என்பதையெல்லாம் விசாரித்துக்கொள்வார். இரவு பத்து மணிக்கு மேல் அதெல்லாம் மேடைக்கு வரும்.

அவருக்குச் சம்பளம் தலைக்கட்டு வரியிலிருந்து, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கும் பணத்திலிருந்து போகிறது. வரி கொடுத்தவர்களில் எல்லாக் கட்சிக்காரனும் இருக்கிறான். கமிட்டித் தலைவர் ஒரு கட்சி, பொருளாளர் இன்னொரு கட்சி. அதனால் நல்ல பபூன் தராசு பிடித்ததுபோல் அடிப்பார். இந்தக் கட்சிக்கு ஒன்று போட்டால் மூச்சு விடுவதற்குள் அந்தக் கட்சிக்கு ஒன்று. நான் கமிட்டியில் இருந்த ஒரு வருடம் வந்தவர் ஒரு பக்கமாகவே அடித்துவிட்டார். பொருளாளர் மேடைக்குப் பின்னால் போய், "ஏண்ணே, நாங்க வரி குடுக்கலையா?" என்று கேட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் தராசு நேராகிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு, பபூன் எந்தக் கட்சிக்கும் பிரசாரம் செய்யவில்லை, ஆகவே அரசியல் பாதிப்பு இல்லை என்று நினைக்கக்கூடாது. எல்லோரையும் சமமாக அடித்தால் கடைசியில் ஜனங்களின் மனத்தில் மிஞ்சுவது "எல்லாப் பயலும் ஒண்ணுதான்" என்பது. அதுவும் ஓர் அரசியல் கருத்துத்தான். அதனால் லாபம் அடைகிறவன் ஒருத்தன் உண்டு: உண்மையிலேயே அதிகமாகத் தின்றவன். நூறு ரூபாய் தின்றவனும் நூறு கோடி தின்றவனும் ஒரே சிரிப்பில் கரைந்து போகிறார்கள்.

தமிழ் சினிமாவில் இதற்கு ஒரே வரியில் சாட்சி இருக்கிறது. 1992ல் வந்த 'சூரியன்' படத்தில் கவுண்டமணி சொன்ன "அரசியல்ல இதெல்லாம் சகஜமப்பா". அரசியல்வாதியைக் குத்தத்தான் அந்த வசனம் எழுதப்பட்டது. இன்றைக்கு அதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கட்சி மாறினவரே பேட்டியில் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், நிருபரும் சேர்ந்து சிரிக்கிறார். குத்துவதற்குச் செய்த ஊசி குத்துப்பட்டவனின் சட்டையிலேயே பொத்தானாகிவிட்டது. முப்பது வருடத்தில் இந்த ஒரு வசனம் செய்த வேலையை எந்தக் கட்சிப் பத்திரிகையும் செய்திருக்காது.

அமெரிக்காவில் ஓர் ஆய்வு இருக்கிறது. 'தி டெய்லி ஷோ' என்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி பாம்கார்ட்னர், மாரிஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006ல் வெளியிட்டது. பார்த்த மாணவர்களுக்கு இரண்டு கட்சி வேட்பாளர்கள் மேலும் மதிப்புக் குறைந்தது, தேர்தல் முறை மேலும் அவநம்பிக்கை கூடியது. அதோடு "எனக்கு அரசியல் நன்றாகப் புரிகிறது" என்ற எண்ணமும் கூடியிருந்தது. எங்கள் பபூன் நாடகம் முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர்களின் பேச்சை ஒட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பேராசிரியர்களுக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

சரி, சிரிப்பு நேரடியாக ஓட்டாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இதற்கு 2011ல் ஒரு பெரிய பரிசோதனையே நடந்தது. வடிவேலு திமுகவுக்காக மாநிலம் முழுவதும் பிரசாரம் செய்தார். முழுக்க முழுக்க விஜயகாந்தைக் கேலி செய்தார். ஜெயலலிதாவைத் தொடவே இல்லை. போன இடமெல்லாம் கூட்டம், போன இடமெல்லாம் சிரிப்பு. தமிழில் அந்த மனிதரைவிடச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் யார்? முடிவு வந்தபோது திமுகவுக்கு 23 இடம், தேமுதிகவுக்கு 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். வடிவேலுவுக்குச் சில வருடம் படமே குறைந்து போனது.

ஏன் பலிக்கவில்லை? என் கணிப்பு இது. ஜனங்கள் வடிவேலுவைப் பார்க்க வந்தார்கள், கட்சியைக் கேட்க வரவில்லை. ஆட்சி மேல் ஏற்கெனவே இருந்த கோபம் வேறு திசையில் இருந்தது. மின்வெட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இன்னொருவரைப் பற்றிய கேலி எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் விசிறியைக் கீழே வைக்க முடியவில்லை. இருக்கிற சந்தேகத்தைக் கேலியால் ஊதிப் பெருக்கலாம். இருக்கிற கோபத்தை அதனால் வேறு ஆள் மேல் திருப்பிவிடுவது கஷ்டம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றி மேடைகளில் சொல்வார்கள். 1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நிற்கிறார். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த டாக்டர். கலைவாணர் பிரசாரத்துக்கு வந்து, கூட்டம் முழுக்க அந்த டாக்டரையே புகழ்ந்தாராம். கைராசிக்காரர், ஏழைகளைக் கைவிடாதவர் என்று. கட்சிக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள். கடைசியில், "இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ராத்திரி வயிற்று வலிக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அங்கே அனுப்புங்கள்" என்று முடித்தாராம். கதை கைமாறிக் கைமாறி மெருகேறியிருக்கும். இருந்தாலும் இதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனியுங்கள். டாக்டரை விரும்புகிறவனை அவர் அசடாக்கவே இல்லை. அவன் டாக்டர் மேல் வைத்திருந்த மரியாதையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தே கட்சி மாறுவதற்கு வழி செய்து கொடுத்தார். வடிவேலு மேடையில் அந்த வாசல் இல்லை. விஜயகாந்தைப் பிடித்தவன் அங்கே சிரித்தால் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ள வேண்டும்.

கலைவாணரின் பெரிய காரியம் தேர்தல் மேடையில் நடந்தது அல்ல, 'கிந்தனார்' காலட்சேபத்தில் நடந்தது. நந்தனார் கதையை எடுத்துக்கொண்டு, அதே காலட்சேப மெட்டில், அதே பாகவதர் தோரணையில், வேறு கதையைச் சொன்னார். நந்தனார் சிதம்பரம் போய் நெருப்பில் இறங்கினார். கிந்தனார் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட ஆய்வாளராகத் திரும்பி வருகிறார். 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இது இடம்பெற்றது. அதற்கு எழுதியவர் அண்ணா. தீண்டாமை பாவம் என்று ஆயிரம் பேர் கண்ணீர் வரப் பேசியிருந்தார்கள். கண்ணீரில் கேட்கிறவன் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து இரங்குவான். இங்கே அவன் சிரித்தாக வேண்டும், சிரித்துவிட்டால் இந்தச் சிறுவன் ஜெயித்ததில் தனக்கும் சந்தோஷம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, "அவனுக்கெல்லாம் படிப்பா?" என்று முழுக் குரலில் கேட்க நாக்குக் கொஞ்சம் கூசும். நான் சொன்ன வெட்கக் கணக்கு இதுதான்.

எம்.ஆர்.ராதா வேறு ரகம். அவர் கூசவைக்க மாட்டார், நேராக அறைவார். அன்றன்று நடந்ததையெல்லாம் வசனத்துக்கு நடுவே நுழைத்துப் பேசுவார், ஒரு நாள் நாடகம்போல் மறுநாள் இருக்காது. அரசாங்கத்துக்குத் தலைவலி அதில்தான். எழுத்துப் பிரதியைப் பார்த்து அனுமதி கொடுக்கலாம், ராதாவின் வாயை எப்படிப் பார்த்து அனுமதி கொடுப்பது? 1954ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சென்னை மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. அவருடைய ராமாயண நாடகம்தான் அதற்கு முக்கியக் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் 1876ல் கல்கத்தா நாடகக்காரர்களுக்குப் பயந்து போட்ட சட்டத்தின் தம்பி அது. 2013ல் நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளிக்கும் வரை ஏட்டில் இருந்தது.

அதிகாரத்தில் இருப்பவர்கள் சிரிப்புக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதற்கு 1987ஐயும் சொல்ல வேண்டும். எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் திருடர்களாக்கி ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் போட்டது. சட்டசபை கூடி ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றாம் நாளே விடுவித்தார்கள். அந்த ஜோக் சுமார் ரகம்தான். சபை சும்மா இருந்திருந்தால் அடுத்த வாரம் கடைக்காரர் அதில் கடலை மடித்திருப்பார்.

இனி எங்கள் ஊர்ச் சரக்கு. காரைக்குடியில் 1939ல் சா.கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த சில வருடங்களிலேயே, 1943ல், கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா என்று அண்ணா சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதினார். அப்புறம் 'கம்பரசம்' என்று கம்பனின் வர்ணனைகளையே எடுத்துக்காட்டிக் கேலி செய்து எழுதினார். ஒரு பக்கம் பங்குனியில் நாட்டரசன்கோட்டைக்குப் போய்க் கம்பன் சமாதியில் கும்பிடும் கூட்டம், இன்னொரு பக்கம் கம்பரசம் படித்துச் சிரிக்கும் இளவட்டம். சில வீடுகளில் இரண்டும் ஒரே வளவுக்குள், ஒரே கூரையின் கீழ். என் ஐயா, அதாவது தாத்தா, கம்பன் விழாவை ஒரு வருடம் தவறவிட்டதில்லை. அவருடைய தம்பி கறுப்புச் சட்டை. சாப்பாட்டுப் பந்தியில் தம்பி ஒரு பாட்டைச் சொல்லி, "அண்ணே, இதுக்குப் பொருள் என்ன, ஆச்சிமார் இருக்காக, சொல்லலாமா?" என்பாராம். ஐயா இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவாராம். வாதத்துக்கு வாதம் ஐயாவிடம் இருந்தது, கேலிக்குப் பதில் இல்லை. கம்பன் மேல் ஐயாவுக்குப் பக்தி குறையவில்லை. ஆனால் தம்பி இருக்கும்போது பந்தியில் கம்பனைப் பேசுவது மட்டும் நின்றுவிட்டது என்று ஆயா சொல்வார். ஓர் ஆளின் கருத்தை மாற்றாமலே அவர் வாயை மூட வைக்க முடியும். இன்றைய மீம் பட்டறைகள் செய்யும் வேலையும் அதுவே.

பட்டிமன்றம் இன்றைய வடிவத்தில் பரவியதற்கு அந்தக் காரைக்குடி மேடைக்கும் நடுவராக இருந்த குன்றக்குடி அடிகளாருக்கும் பெரிய பங்கு உண்டு. அப்போது தலைப்பு கும்பகர்ணனா வீடணனா என்று இருக்கும். நகைச்சுவை ஊறுகாய் அளவுக்கு. நான் மேடையேறிய காலத்தில் ஊறுகாயே சோறாகிவிட்டது. மாமியாரா மருமகளா என்ற தலைப்பில் பேசிக்கொண்டே விலைவாசியைத் தொட்டு ஓர் ஆட்சியைக் கிள்ளிவிட்டு வருவோம். நாடகப் பபூனைவிட இது நாசூக்கு. கட்சிக் கொடி இல்லாத மேடை என்பதால் கேட்கிறவன் கதவைத் திறந்து வைத்திருப்பான். இதில் பெயர் எடுத்த சிலரைக் கட்சிகள் நேராகப் பிரசார மேடைக்கே அழைத்துப் போயின, திண்டுக்கல் லியோனி மாதிரி. என்னையும் ஒரு தேர்தலுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. கொள்கை என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன், எதிர்க்கட்சிக்காரர்தான் அந்த வருடம் எங்கள் ஊர் விழாக் கமிட்டித் தலைவர்.

மேடையில் நின்று பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்துகொண்டேன். ஒரே ஜோக்குக்கு இரண்டு பேர் வேறு வேறு காரணத்துக்காகச் சிரிப்பார்கள். வரதட்சணை வாங்கும் சம்பந்தியைக் கேலி செய்வதாக நினைத்து நான் நடித்துக் காட்டுவேன். கீழே ஒருத்தர், "சரியாத்தானேய்யா கேக்குறான்" என்று ரசித்துச் சிரிப்பார். இது என் கை கோணலோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். அமெரிக்காவில் இனவெறி பிடித்த நடுவயதுக்காரர் ஒருவரைக் கேலி செய்து 1971லிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1974ல் வெளியான ஆய்வு, இனவெறி இருந்த பார்வையாளர்கள் அந்த ஆள் பக்கமே நின்றார்கள், அவர் நியாயத்தைப் பேசுகிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டது. 2009ல் ஒகையோவில் இன்னோர் ஆய்வு. ஸ்டீபன் கோல்பேர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர் அப்போது வலதுசாரி மாதிரி நடித்து வலதுசாரிகளைக் கேலி செய்துவந்தார். இடதுசாரிகள் அதைக் கேலி என்று பார்த்தார்கள். வலதுசாரிகளில் பலர், அவர் ஜோக் அடிப்பதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் நம்ம ஆள்தான் என்று நம்பினார்கள். சிரித்ததில் மட்டும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

அப்படியென்றால் மீம் எதற்கு? அது எதிர்க்கட்சிக்காரனை மாற்றுவதற்காகச் செய்வது இல்லை. சொந்தக் கட்சிக்காரனைச் சூடாக வைத்திருக்க, நடுவில் நிற்கிறவனைக் கூச்சப்பட வைக்க. எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் பினாங்கிலிருந்து பள்ளத்தூர் வரை நூற்றுக்கு மேல் ஆள். ஒரு தலைவரை ஆதரித்து எங்கள் அயித்தான் ஒருவர் எப்போதும் நீளமாக எழுதுவார், காரணம் காட்டி எழுதுவார். ஒரு பையன் பதிலே எழுத மாட்டான், வடிவேலு முழிக்கும் படம் ஒன்றைப் போடுவான். இருபது சிரிப்பு முகம் வந்து விழும். நாலாவது தடவைக்கு அப்புறம் அயித்தான் எழுதுவதை நிறுத்திவிட்டார், காலை வணக்கம் மட்டும் போடுகிறார். யாராவது பையனைக் கேட்டால், "சும்மா காமெடிக்குத்தானே அம்மான், சீரியஸா எடுத்துக்கலாமா?" ஜோக்கைப் போன்ற கேடயம் கிடையாது. கேட்டவன்தான் நகைச்சுவை தெரியாதவன் ஆகிவிடுவான்.

இதில் இன்னொரு நுணுக்கம். சிரித்துக்கொண்டிருக்கும்போது நாம் எதிர்வாதம் யோசிப்பதில்லை, ஜோக்தானே என்று அப்போதைக்குத் தள்ளியும் விடுகிறோம். ஆனால் ஒரு வாரம் கழித்து, ஜோக் என்பது மறந்து சங்கதி மட்டும் தங்கிவிடலாம் என்று 2007ல் நாபி என்பவரும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு காட்டியது. ஒரு தலைவருக்கு வைத்த பட்டப்பெயர், அவர் சொல்லாத வசனம் ஒட்டிய படம், இவையெல்லாம் இப்படித்தான் "அவர் அன்னைக்குச் சொன்னாரே" என்று டீக்கடையில் வந்து உட்காருகின்றன.

கேலியின் பெரிய குறை அது காரணத்தைச் சுமக்காது என்பது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். பழைய நாடகங்களிலும் படங்களிலும் வட்டிக்கடைச் செட்டியார் என்றால் ஒரே அச்சு: குடுமி, தொந்தி, கஞ்சத்தனம். சின்ன வயதில் நாங்களும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பர்மாவில் நடந்ததைப் பாருங்கள். 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938ல் 25 சதவீதம். நடுவில் உலகப் பொருளாதார மந்தம், நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது. பணத்துக்குப் பதில் சேற்றை வைத்துக்கொண்டு முழித்த மேலாளின், அதாவது கடையை நடத்தியவரின், கதையும் நிஜம். குடுமி தொந்திக் கேலியில் இந்த இரண்டும் இல்லை, நெல் விலையும் இல்லை. அங்கே இருப்பது ஒரு மூஞ்சி மட்டும். ஓர் ஆளைக் கேலி செய்கிறார்களா, ஒரு செயலைக் கேலி செய்கிறார்களா என்று நான் பார்ப்பது இதனால்தான். செயலைக் கேலி செய்தால் அந்த ஆள் நாளைக்கு மாறிக்கொள்ளலாம். மூஞ்சியைக் கேலி செய்தால் அவன் என்ன செய்வான்?

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. சில வருடம் முன்பு பக்கத்து ஊர்த் திருவிழாவில், அந்த ஊர்ச் சாலையைப் பற்றி ஒரு பிடி பிடித்தேன். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகத் தேவையில்லை, இந்த ரோட்டில் ஒரு தடவை வந்தாலே பிரசவம் ஆகிவிடும் என்று. கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அந்தச் சாலைக்குப் பொறுப்பான உள்ளூர்ப் பிரமுகர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பின்னிட்டீக" என்றார். பொன்னாடை போட்டார். நான் பேசியதைத் தன் போனிலேயே பிடித்து வைத்திருந்தார். மறுநாள் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அது ஓடியது, கீழே மூன்று சிரிப்பு முகம்.

அதற்கு முந்தின மாதம்தான் ஊர்ப் பெண்கள் அந்தச் சாலைக்காக மறியல் செய்வதாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த வருடமும் அதே விழாவுக்கு அதே சாலை வழியாகத்தான் போனேன். காரை ஓட்டிய பையன் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிவிட்டு, "இங்கதான் ஐயா, நீங்க சொன்ன பிரசவ ஜோக்" என்று சிரித்தான்.